துணைக்கருவி இல்லாப் பாட்டும் கலைக்களஞ்சியச் சான்றும்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் பாட்டுக்குழுக்கள் பலவற்றுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனித்தனிக் கட்டுரைகள் உள்ளன. எந்த இசைக்கருவியும் இன்றிக் குரல்களை மட்டுமே கொண்டு, ஒரே வேளையில் பல சுரங்களை இசைத்துப் பாடும் குழுக்கள் இவை. இம்முறையை ‘அ கப்பெல்லா’ என்பர். ‘கோயில் முறையில்’ என்பது இவ்வித்தாலியச் சொற்றொடரின் பொருள். யேல் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தோன்றிய விஃபன்பூஃப்ஸ் குழு இவற்றுள் புகழ்பெற்றது. இதே போன்று தாம்பரத்துக் கல்லூரிக் குழு ஒன்றைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுத முற்பட்டால் என்ன ஆகும்?

சான்று கேட்பார்கள். குழுவைச் சாராத ஒருவர், நம்பத்தக்க வெளியீடு ஒன்றில், ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்கக் குழுக்களின் கட்டுரைகளும் இவ்விதியின் பேரில் நீக்கத்துக்கு முன்மொழியப்பட்டதுண்டு. இது மிகவும் கடுமையான விதி என்று குறைகூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பெரியசாமி தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் துறை வல்லுநர்கள் எழுதினார்கள். (தூரனே சிறந்த கீர்த்தனை ஆசிரியர்.) யாரும் எழுதலாம் என்னும் களஞ்சியத்தில் எழுதுபவரின் தகுதிக்குப் பதிலாகச் சான்றுதான் நிற்க முடியும்.

என் குறை வேறு. இக்கட்டுரைகளில் பெரும்பாலானவை தொடங்கிய ஆண்டு, வெளியிட்ட இசைத்தட்டுகள், பெற்ற பரிசுகள், பழைய உறுப்பினர் பெயர்கள் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. பாட்டு எப்படி ஒலித்தது என்பதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. சொல்வதற்குச் செய்தி இல்லாமலா?

சட்ஜத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 5:4 என்னும் தூய விகிதத்தில் அந்தர காந்தாரம் 550 ஹெர்ட்ஸ். பியானோவிலோ, எண்சுரத்தைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்திருப்பதால், அது 554.4 ஹெர்ட்ஸ். சட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரம் 2200. பியானோக் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரம் ஏறத்தாழ 2217. இவை மோதுவதால் நொடிக்குப் பதினேழு விம்மல்கள் எழுகின்றன. கருவி இல்லாமல் பாடுவோர் ஒருவரையொருவர் கேட்டு, விம்மல் அடங்கும் இடத்துக்குக் குரலை இறக்கிக்கொள்ளலாம். தேர்ந்த குழுவின் ஒலி தெளிந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நம் கச்சேரியில் தம்புரா சுருதியைக் காவல் காக்கிறது. இங்கே அக்காவல் இல்லை. சில சுரக்கூட்டுகளைத் தூய விகிதத்திலேயே தொடர்ந்து பாடிவந்தால், ஒரு சுற்று முடியும்போது 81:80 என்னும் பிரமாண சுருதி அளவு ஆதாரசுரம் நழுவும். 440-இல் தொடங்கியவர்கள் 434.6-இல் நிற்பார்கள். களைப்பும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். ஆகவே தொடக்கச் சுருதி, முடிவுச் சுருதி, குரல்களின் எண்ணிக்கை, மண்டபத்தின் எதிர்முழக்க நேரம் ஆகியவற்றை எழுதினால், அது பட்டியலாக இல்லாமல் கட்டுரையாக இருக்கும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அரிசீமா பார்னெசியை என்னும் செடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலர்தாவரத் தாள் ஒன்றில் செடியோடு இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியன இருக்கும். எவரும் பின்னர் சரிபார்க்கலாம். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அத்தகைய தாள் எது? நிகழ்ச்சிநிரல் ஜனவரியில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. ஆண்டு மலரில் ‘மாணவர் இனிமையாகப் பாடினர்’ என்ற பாணியில் ஒரு வரி இருந்தால் பெரிது. அதைக் கொண்டு எந்தக் களஞ்சியத்திலும் எதையும் நிறுவ இயலாது. இத்தனைக்கும் இக்கல்லூரியின் இதழ் 1883-இலேயே தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர்த் தேவாலயங்களின் பாடகர் குழுக்களும் இதே பாணி அறிக்கைகளை நம்பியிருந்தால் அவற்றின் கதியும் இதுதான்.

கட்டுரைக்குக் காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. விக்கிமீடியா பொதுவகம், கல்விக்குப் பயன்படும் ஒலிப்பதிவுகளை ஏற்கும். குழு புகழ்பெற்றதா என்று அது கேட்பதில்லை. இந்தியச் சட்டப்படி பாட்டின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். எனவே பழைய கரோல்களைத் தேர்ந்தெடுத்து, பாடியோரின் இசைவையும் பதிவு செய்தவரின் இசைவையும் எழுத்தில் பெற்று, நாள், இடம், குரல்கள் எத்தனை, ஒலிவாங்கி எவ்வளவு தொலைவில் இருந்தது என்ற குறிப்புகளோடு ஏற்றலாம். கைப்பேசிப் பதிவே சுருதி நழுவியதை அளக்கப் போதும்.