புதுவையும் கடையமும்

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலம் நோக்கி மக்கள் வெள்ளம் திரளுகிறது. இலக்கிய அன்பர்கள் திரிகூடராசப்பரின் குறவஞ்சியைப் பேசி மகிழ்கின்றனர், ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊரென்று பெருமை கொள்கின்றனர். மகிழட்டும்! ஆனால், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியிலே கடையம் என்றோர் ஊர் இருக்கிறதே, அங்கே இறங்குவோர் எத்தனை பேர்? பாரதியார் நாடு திரும்பிய பின் ஏறத்தாழ ஈராண்டு வாழ்ந்த ஊர் அது; அவர் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர்.

நாடு கடந்த வாழ்வு ஓர் எழுத்தாளனை என்ன செய்கிறது? 1933இல் ஜெர்மனியில் இட்லரின் ஆட்சி நூல்களைத் தீயிலிட்டது. எழுத்தாளர் பலர் எல்லை கடந்தனர். ஸ்டீபன் சுவைக் 1942இல் பிரேசில் நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிரெக்ட் நாடு நாடாக அலைந்தார், எனினும் எழுதினார். அவருடைய ‘தாய்த் துணிவு’ நாடகம் 1941இல் சூரிச் நகரில் மேடையேறியது. அங்கே ஆட்சி வேறு; மொழியோ ஜெர்மன் மொழிதான். மொழி வழங்கும் மண்ணொன்று எஞ்சியிருந்ததால், அந்த நாடகம் தன் மொழியிலேயே மக்களைச் சந்தித்தது.

பாரதியாருக்குப் புதுவை அத்தகைய சூரிச்! 1908இல் வெள்ளையர் அடக்குமுறைக்குத் தப்பி அங்கே சென்றார். கொடி பிரெஞ்சுக் கொடி. தெருவிலே ஒலித்ததோ தமிழ். ‘இந்தியா’ ஏடு 1910இல் நின்றது. ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களுக்குச் சென்னை அரசு 1911இல் தடை விதித்தது. ஏட்டின் வாயை அடைத்தனர். பாட்டின் வாய் திறந்தது. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் புதுவை தந்த செல்வங்கள். அன்றாட அரசியலை எழுத வழியற்றவர், அடிமைப்பட்ட நாட்டைச் சூதிலே வைத்து இழக்கப்பட்ட பெண்ணாகக் கண்டார். பத்தாண்டுப் புதுவை வாழ்வின் இன்னொரு கொடை, கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் பாரதிதாசன் ஆனது. அந்த ஒன்றுக்காகவே நாம் புதுவைக்குக் கடன்பட்டவர்கள்.

குறையை மறைக்க நாம் முனையவில்லை. வேதப் பெருமையும் ஆரியப் புகழ்ச்சியும் அவர் பாட்டில் மண்டிக் கிடக்கின்றன. தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். துணிவான செயல்தான்! ஆயினும், ஒரு தோளில் நூலை ஏற்றுவதால் சாதி சாயுமா? எல்லாத் தோள்களிலிருந்தும் அதை இறக்குவதன்றோ வழி? இக்கேள்வியை எழுப்பியவர்கள் பின்வந்த சுயமரியாதை இயக்கத்தார்.

1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பாரதியார் கைதானார். கடலூர்ச் சிறையில் சில வாரங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும், எழுதியதைத் தணிக்கைக்குக் காட்டியே வெளியிட வேண்டும் என்ற கட்டுகளோடு விடுதலை. வந்து சேர்ந்தார் கடையத்துக்கு. ஆங்கே அக்கிரகாரம் அவரை அணைத்ததா? ஆசாரம் மீறியவர் என்று ஒதுக்கியே வைத்தது. 1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் படிகளாக அச்சிடத் திட்டமிட்டு அன்பர்களின் உதவி கேட்டார், திட்டம் கைகூடவில்லை. புதுவைப் படைப்புகளுக்கு நிகரான காவியம் ஒன்றும் கடையத்தில் பிறக்கவில்லை. சென்னைக்குச் சென்றவர், 1921 செப்டம்பரில் மறைந்தார்.

அயலார் ஆட்சியிலே பாடினார். சொந்த மண்ணிலே வாடினார். ஏன்? புதுவையிலே வறுமையும் ஒற்றர் தொல்லையும் இருந்தன; ஆனால் கேட்பதற்குத் தோழர்கள் இருந்தனர். கடையத்திலே உற்றார் இருந்தனர், கேட்போர் அரிதாயினர். அரசு விதித்த அயல்வாழ்வு பத்தாண்டில் முடிந்தது. சாதி விதித்த அயல்வாழ்வுக்கு எல்லைக் கல்லே இல்லை!

கடையம் இன்று, 2019இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. வகுப்பறையிலே நாம் புதுவைப் பாரதியை மட்டும் சொல்லிக்கொடுத்து, கடையத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை விரித்துச் சொல்வோம். அருவியில் நீராடித் திரும்புவோரே, ஒருமுறை கடையத்தில் இறங்குங்கள். நம் ஊர்த் தெருவிலே இன்றும் யாரை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்!