உதட்டு நுனியில் ஒரு மைக்ரான்

காரின் உதிரிப் பாகங்களில் ஆயில் சீலைப் போலப் பார்வைக்கு எளியது வேறில்லை. கறுப்பு ரப்பர் வளையம், அதற்குள் புதைந்த இரும்புத் தகட்டுக் கூடு, உள்விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான். முகப்பில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 35, 50, 8 என்றிருந்தால் ஷாஃப்டின் விட்டம் 35 மில்லிமீட்டர், சீல் அமரும் குழி 50, தடிமன் 8 என்று பொருள். கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அந்த எண்களைக் கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவரும் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு போய்விடுவார். அந்த வளையத்தைக் கையில் எடுத்து, அதன் உள்விளிம்பான உதட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நுட்பமாக வேலை செய்வது அரிது.

சீலுக்குக் கிடைத்திருக்கும் வேலை லேசானதல்ல. இன்ஜினுக்குள் எண்ணெய் இருந்தாக வேண்டும். அதே இன்ஜினிலிருந்து ஷாஃப்ட் வெளியே வந்தால்தான் சக்கரம் உருளும். ஷாஃப்ட் சுழலும், அதைச் சுற்றியுள்ள உடல் அசையாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியைக் காப்பதுதான் சீல். ஒரு குடும்பக் காரில் கிராங்க் ஷாஃப்டின் முன்னால் ஒன்று, கிளட்சை ஒட்டிப் பின்னால் ஒன்று, கேம் ஷாஃப்டில் ஒன்று, கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில்களில் இரண்டு என்று ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும்.

கணக்குப் போட்டால் அதன் பாடு விளங்கும். 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், ரப்பர் உதட்டின் கீழே நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் எஃகு ஓடுகிறது. தங்கவயலிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் இன்ஜின் இதே சுழற்சியில் இரண்டு மணி நேரம் ஓடினால், இருந்த இடத்தைவிட்டு அசையாத அந்த உதடு 45 கிலோமீட்டர் நீள எஃகைத் தடவி முடித்திருக்கும். உலர்ந்த ரப்பராக இருந்தால் அதற்குள் கருகிப் போயிருக்கும்.

கருகாததன் காரணம்தான் முதல் நயம். ஓடும்போது உதடு எஃகை நேராகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்தில் எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். அதோடு ஒப்பிட்டால் இதன் மென்மை புரியும். படலம் அறுந்தால் ரப்பர் எரியும். தடித்தால் எண்ணெய் ஒழுகும். சக்கரத்தில் சுழலும் ஈர மண்ணின்மேல் குயவர் வைக்கும் கையைப் போல, அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. எண்ணெயைத் தடுக்கிற பொருளுக்கு அந்த எண்ணெயே உயிர்.

படலம் இருக்கிறதென்றால் அது ஏன் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடுவதில்லை? இரண்டாவது நயம் இங்கே இருக்கிறது. உதட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் இரு சரிவுகளும் ஒன்றுபோல் இருக்காது. எண்ணெய்ப் பக்கச் சரிவு சற்றே நிமிர்ந்தது, சுமார் 45 பாகை. காற்றுப் பக்கச் சரிவு படிந்தது, சுமார் 25 பாகை. இந்த ஏற்றத்தாழ்வால் அழுத்தம் எண்ணெய்ப் பக்கமாகக் குவிகிறது. ஷாஃப்ட் சுழலும்போது ரப்பர் பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்கள் ஒரு பக்கமாக இழுபட்டுச் சாய்ந்து, எட்டிப் பார்க்கும் எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளுகின்றன. ஆக, ஆயில் சீல் ஒரு சின்னஞ்சிறு பம்பு. வெறுமனே அடைத்துக்கொண்டு நிற்பதல்ல அதன் வேலை. வெளியே வர நினைப்பதை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பி அனுப்புகிறது. இதே சீலைத் தலைகீழாகப் போட்டுவிட்டால், அதே பம்பு அதே உழைப்போடு எண்ணெயை வெளியே இறைக்கும்.

உதட்டின் முதுகில் கிடக்கும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். முடிச்சோ பற்றவைப்போ இல்லாத வட்டம் அது. சுருள் கம்பியின் ஒரு முனையை ஒடுக்கி, மறுமுனைக்குள் திருகி இணைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து ரப்பர் தளரும்போது, பிடி தளராமல் பார்த்துக்கொள்வது இந்தக் கம்பிதான். அது உதட்டு நுனிக்கு நேர் மேலே உட்காராது. காற்றுப் பக்கமாக இம்மியளவு தள்ளி உட்காரும். அழுத்தம் எண்ணெய்ப் பக்கம் குவிவதற்கு அந்த இம்மியும் துணை.

ஷாஃப்டுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் உதட்டை அறுக்கும். கண்ணாடியாக வழவழத்தாலோ எண்ணெய்ப் படலம் நிற்காது. பக்கவாட்டில் நகராத சாணைக்கல்லில் அதைத் தீட்டுவார்கள். கல் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மரை ஒன்று விழும், அந்த மரை வழியே எண்ணெய் நடந்து வெளியேறும். பழைய அம்பாசிடர் இன்ஜினில் இதையே காவலாக வைத்திருந்தார்கள் என்பது வியப்பு. கிராங்கின் பின்முனையில் ரப்பர் உதடு கிடையாது. ஷாஃப்டிலேயே எதிர்த்திசை மரை வெட்டியிருக்கும்; ஓடும்போது அது எண்ணெயை உள்ளே திருகித் தள்ளும். வண்டி நின்றால் மரையும் நிற்கும், மிச்சமிருந்தது சொட்டாக இறங்கும். அம்பாசிடர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்கம் தோண்ட வந்த காலத்தில் உலகில் இப்படி ஒரு உதடு இருக்கவில்லை. நீராவி இன்ஜினுக்கும் பம்புக்கும் கொழுப்பில் ஊறிய கயிற்றைச் சுற்றி இறுக்கும் கிளாண்டு பேக்கிங்தான். அது கொஞ்சம் சொட்டினால்தான் சூடாகாமல் இருக்கும். சொட்டே இல்லையென்றால் அதிகம் இறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். உதடு வைத்த சீல் பிறந்த இடங்களில் ஒன்று ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்து ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம். அது ஒரு தோல் பதனிடும் ஆலை. முதல் உதடுகள் தோலால் ஆனவை. 1930-களில் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வந்து தோலின் இடத்தைப் பிடித்தது. தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரையும் வாணியம்பாடியையும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு, பதனிட்ட தோலின் நெகிழ்விலிருந்து இந்தக் கருவி பிறந்ததைக் கற்பனை செய்வது எளிது.

தங்கவயலில் சீலுக்குக் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை 120 ஆண்டுகள் பாறையைப் பொடித்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு, சயனைடு மேடுகளாக இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. 3 கோடி டன்னுக்கும் மேல் என்கிறார்கள். காற்று வலுக்கும் மாதங்களில் அந்தப் பொடி ஆண்டர்சன்பேட்டை வீட்டுத் திண்ணைவரை வரும். கார்களின் அடியிலும் படியும். அதில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. சாதாரண எஃகைக் கீறிவிடும் கடினம் அதற்கு. சக்கரப் பக்கச் சீல்களில் வெளிப்புறமாக இரண்டாவது உதடு ஒன்று இருப்பது இப்படிப்பட்ட தூசிக்காகத்தான். அதையும் தாண்டி ஒரு துகள் போய் ரப்பரில் பதிந்துவிட்டால், விந்தையான ஒன்று நடக்கும். மெத்தென்ற ரப்பர் சாணைக்கல்லாக மாறி, கெட்டியான எஃகில் வளையமாகப் பள்ளம் போடும். தேய்ந்தது ரப்பர்தான் என்று நினைத்துக் கழற்றினால், இரும்பும் தேய்ந்திருக்கும்.

இதைத் தங்கவயல்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் புல்டோசர்கள் இங்கேதான் உருவாகின்றன. சேற்றில் புரளும் அவற்றின் டிராக் ரோலர்களில் ரப்பர் உதடு தாங்காது என்பதால், பளபளவெனத் தீட்டிய இரண்டு உலோக வளையங்கள் முகத்தோடு முகம் ஒட்டியிருக்க, ஒன்றின்மேல் மற்றொன்று சுழல்கிறது. அந்த வளையங்களைத் தெரிந்தவர்கள் வாழும் ஊரில் கார் சீலும் மரியாதை பெறுகிறது.

அந்த மரியாதையைச் சீல் மாற்றும் கைகளில் பார்க்கலாம். பழையதை எடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் ஷாஃப்டில் ஒரு கீறலும் போடக்கூடாது. தேர்ந்த மெக்கானிக், சீலின் தகட்டில் சிறு துளையிட்டு, ஒரு ஸ்க்ரூவைத் திருகி, குறட்டால் நேராக இழுப்பார். குழியைத் துடைத்தபின் விரல் நகத்தை ஷாஃப்டின்மேல் ஓட்டிப் பார்ப்பார். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. குழியில் இடமிருந்தால் புதிய சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைப்பார், உதடு பழுதில்லாத எஃகில் ஓடும். இடமில்லாவிட்டால் மெல்லிய எஃகு ஸ்லீவ் மாட்டுவார். புதிய உதட்டில் சுத்தமான எண்ணெய் தடவுவார். தட்டும்போது ஸ்பிரிங் துள்ளி விழாதிருக்க அதன் பள்ளத்தில் கிரீஸ் அடைப்பார். ஷாஃப்டின் பல் முனைகளை டேப்பால் மூடுவார். பிறகு அளவான குழாய்த் துண்டை வைத்து, ஒரே பக்கம் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டுவார். சீல் அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறும். அந்த ஓசைக்குமேல் ஒரு தட்டும் தேவையில்லை என்று அறிந்திருப்பதுதான் கைப்பக்குவம்.

இன்னொரு பக்குவம், கசிவைக் கண்டதும் சீலைக் குற்றம் சொல்லாமல் இருப்பது. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறும். எவ்வளவு நல்ல சீலும் அதற்கு ஈடுகொடுக்காது. குழாயைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி ஊறும்.

பின்பக்கக் கிராங்க் சீலை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். பொருளின் விலை குறைவு, கூலியோ அதைப் போல் பல மடங்கு. ஆகவே கிளட்ச் வேலைக்காகப் பிரிக்கும்போதே பின் சீலையும், டைமிங் பெல்ட் மாற்றும்போதே முன் சீல்களையும் புதுப்பித்துவிடுவது புத்திசாலித்தனம். கசிந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டையும் பெல்ட்டையும் கெடுத்தபின் செய்வது இரட்டைச் செலவு.

அடுத்த முறை வண்டி அந்த வேலைக்குப் போகும்போது பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். உதட்டை நகத்தால் மடக்கிப் பாருங்கள். மடங்காமல் கெட்டித்திருந்தால் சூட்டில் மூத்துவிட்டது. பட்டையாகத் தேய்ந்திருந்தால் தூசி அதை வென்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீல் கோணலாக உட்கார்ந்திருந்தது, அல்லது ஷாஃப்ட் நடு விலகி ஓடியிருக்கிறது. பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். உதட்டு நுனியின் அந்த மெல்லிய தேய்மானத் தடம் வண்டியின் பல வருஷத்து நிலையைத் துல்லியமாகச் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் கேட்கும் கூலி நியாயமானது.