பொருளின் பருவமும் தகவலின் பணியும்: கித்துல்கல தரும் சான்று

சந்தைக்கு வரும் பொருள் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என்னும் பருவங்களைக் கடக்கும் என்ற கருத்தை நிருவாகிகளிடையே பரப்பியோருள் தியடோர் லெவிற் குறிப்பிடத்தக்கவர். அவரது கட்டுரை 1965இல் ஹார்வர்ட் வணிகச் சஞ்சிகையில் வெளிவந்தது. நிறுவனங்களிற் கணினிப் பயன்பாடும் ஆறு கட்டங்களாக வளரும் என்று 1979இல் ரிச்சட் நோலன் எழுதினார். இவ்விரு கருத்துக்களையும் இணைத்து நோக்குவோர், பொருளின் பருவத்திற்கேற்பவே தகவல் முறைமையை வகுத்தல் வேண்டும் என்பர். வளரும் பொருளுக்குச் சந்தையை அறியும் தகவலும், முதிர்ந்த பொருளுக்குச் செலவைக் கட்டுப்படுத்தும் தகவலும் உரியன என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு எத்துணை ஏற்புடைத்து என்பதைக் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவை வைத்து ஆராயலாம்.

களனி கங்கையை அண்டிய இப்பகுதியின் இறப்பரும் தேயிலையும் முதிர்ந்த பொருள்களே. தோட்டங்களின் தகவல் முறைமையும் மேற்கூறிய கொள்கைக்கு இயையவே அமைந்துள்ளது. பெரட்டுக்களத்திற் பேர் பதிதல், கொழுந்தையும் பாலையும் நிறுத்தல், செக்ரோலிற் கூலி கணித்தல் என்பன அதன் அடிப்படைகள். பேரேட்டின் இடத்தைக் கணினி பெற்றாலும் வினா மாறுவதில்லை: இன்று எத்தனை பேர், எத்தனை கிலோ?

குறைபாடு இங்குதான் தோன்றுகின்றது. நட்ட இறப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மறுநடுகை வேண்டும். மறுநடுகையைத் தள்ளிப்போடும் தோட்டம் அவ்வாண்டுக் கணக்கிற் சிக்கனமுடையதாகத் தோன்றும். இழப்போ பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும். 1992இல் அரச தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது ஒப்பந்தக்காலம் முதலில் ஐந்தாண்டுகளே. கன்று பால் தருமுன் முடிவடையும் ஒப்பந்தம் எந்தத் தகவலைத் தேடும் என்பது வெளிப்படை. நீண்டகாலக் குத்தகை பின்னரே வந்தது. எனவே தேய்வு என்பது எப்போதும் பொருளின் இயல்பான முதுமையன்று. குறுகிய கணக்கே அதனை விளைவிக்கவும் கூடும். இக்காரணத்தைக் காணாது விற்பனைக் கோட்டை மட்டும் நோக்குவதே கொள்கையின் பிழை.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். இலங்கைக் கோப்பிப் பயிரை அழித்தது சந்தையின் சலிப்பன்று. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயே. மறுபுறம், 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், பெருந்தொற்றின் நெருக்கடியால் 2020இல் கணினிவழிக்கு மாறியது. முதிர்ந்த பொருளுக்கும் புதிய தகவல் முறைமை இயலும் என்பதை இது மெய்ப்பித்தது.

எனினும் அப்புதுமை தோட்டத்து லயன்வரை செல்லவில்லை. ஏலவிலை உடனுக்குடன் வெளிப்பட்டாலும், செக்ரோலில் நாளும் நிறையுமே பதிவாகின்றன. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டி நீதிமன்றத்தை நாடின. அவற்றிடம் கணக்கு இருந்தது. தொழிலாளியிடம் இருந்ததோ கூலிச்சீட்டு மட்டுமே. ஆகவே தகவல் உத்தியை மதிப்பிடுவோர், அது பொருளின் பருவத்திற்குப் பொருந்துகின்றதா என்பதோடு அமைதல் தகாது; அத்தகவல் யாரிடம் சென்று சேர்கின்றது, யாரிடம் சேராது நிற்கின்றது என்பதையும் வினவுதல் வேண்டும்.