ஹெரால்டும் பசால்ட்டும்: ஒரு காரின் வடிவத்தைப் படிப்பது எப்படி?

பழைய காரையும் புதிய காரையும் பக்கத்தில் வைத்தால் எது வேகம், எது மைலேஜ் என்றுதான் முதலில் கேட்கிறோம். ரசிக்க அது போதாது. இந்த வண்டி ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் தயாரான இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம்: சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த ஹெரால்டு, திருவள்ளூர் ஆலையிலிருந்து 2024-இல் வந்த சிட்ரோயன் பசால்ட். பசால்ட்டைக் கூபே என்கிறார்கள். வழக்கமாகக் கூபே என்றால் இரண்டு கதவு, பின்னோக்கிச் சரியும் கூரை. ஹெரால்டுக்கு முன்னது வாய்த்தது, பசால்ட்டுக்குப் பின்னது. இப்படிப் பார்த்துப் பழக நெய்வேலி டவுன்ஷிப் நல்ல இடம். பழுப்பு நிலக்கரிக்காக 1956-க்குப் பிறகு பகுதி பகுதியாகத் திட்டமிட்டு எழுப்பிய ஊர் அது. அகலமான நேர் சாலையில், மர நிழலில் நிற்கும் வண்டியைத் தள்ளி நின்று முழுசாகப் பார்க்கலாம்.

ஹெரால்டின் பக்கவாட்டில் தகடுகள் சேரும் இடமெல்லாம் கோடு தெரியும். அரைகுறை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் காரை முதலில் உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்துகொடுத்த ஆலை 1953-இல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. முழுக்கூட்டையும் ஒன்றாகச் செய்து தர ஆள் இல்லாததால், தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு மாட்டினார்கள். அந்த நெருக்கடியை அழகாக்கியவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலோட்டி. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சக்கரங்களும் ஒரே பார்வையில் தெரியும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும்.

பசால்ட்டில் அந்தக் கோடுகள் இல்லை, ஏனென்றால் அது ஒரே கூடாகப் பற்றவைத்த உடல். மோதலைத் தாங்க வேண்டியிருப்பதால் கண்ணாடிகளை ஒட்டிய தூண்கள் தடித்திருக்கின்றன. ஹெரால்டின் மெல்லிய தூண்களோடு ஒப்பிட்டால், இடையிலுள்ள அறுபது ஆண்டுப் பாதுகாப்புச் சிந்தனை கண்ணுக்குத் தெரியும். பசால்ட்டின் கூரை பின் இருக்கைக்கு மேல் வரை மெதுவாகவே இறங்கி, பிறகு வேகமாகச் சரிகிறது. பின்னால் உட்காருபவர் தலை இடிக்கக் கூடாது, டிக்கியில் 470 லிட்டர் கொள்ள வேண்டும் என்ற கணக்கு அந்தச் சரிவுக்குள் இருக்கிறது.

நான்கு கதவு வைத்த உயரமான வண்டி கூபேயா என்று கேட்பார்கள். 1962-லேயே ரோவர் நிறுவனம் கூரையைத் தாழ்த்திய நான்கு கதவுக் காரைக் கூபே என்றுதான் விற்றது. கூரைக்கோடுதான் அங்கே அளவுகோல். பழையதைப் புகழ்வது வெறும் ஏக்கம் என்றும் சொல்வார்கள். ஹெரால்டின் குறை எனக்கு மறைவில்லை: திருப்பத்தில் வேகமாகப் போனால் அதன் பின் சக்கரங்கள் உள்மடங்கும். குடும்பத்தோடு சென்னை போக வேண்டுமென்றால் ஆறு ஏர்பேக் உள்ள பசால்ட்தான் சரி, அதில் விவாதமே இல்லை. ஆனால் ஒரு கார் எப்படி உருவாகிறது என்பதை ஹெரால்டுதான் ஒளிக்காமல் சொல்கிறது. எங்காவது ஒன்று நிற்கக் கண்டால், உரிமையாளரிடம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.