டாக்ஸி ஜன்னலில் ஒரு தீவு

பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு நாட்டைப் பற்றிய முதல் தகவல்கள் பெரும்பாலும் டாக்ஸி டிரைவரிடமிருந்துதான் கிடைக்கின்றன. தனியாகப் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். பேச்சுத்துணைக்கு வேறு ஆள் கிடையாது. ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டல் போய்ச் சேர்வதற்குள் அந்த ஊரின் அரசியல், விலைவாசி, ஜனங்களின் சுபாவம் எல்லாம் பிடிபட்டுவிடும். மறுநாளே எழுத உட்கார்ந்துவிடலாம். 'ஏழைகள்தான், ஆனால் எப்போதும் சிரித்த முகம்' என்ற வரி மட்டும் எந்தத் தீவுக்குப் போனாலும் மாறாது.

இந்த டாக்ஸி சவாரியை வைத்தே பயண இலக்கியத்தின் காலை வாரியவர் ஜமைக்கா கின்கெய்ட். பெயரில்தான் ஜமைக்கா. அம்மணி பிறந்தது 1949-ல், ஆன்டிகுவா தீவில் (உள்ளூர்க்காரர்கள் 'ஆன்டீகா' என்பார்கள்). அந்தத் தீவு என்றால் நமக்கு விவ் ரிச்சர்ட்ஸ். 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்தில் அவர் அடித்த சதம். அதே மைதானத்தில் பிற்பாடு லாரா எடுத்த 375, 400. மொத்தமே 281 சதுர கிலோமீட்டர்தான். ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அங்கிருந்து சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிப் பெயர் வாங்கியவர். சுமார் 20 வருஷம் கழித்து ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்து எழுதிய புத்தகம் 'எ ஸ்மால் பிளேஸ்' (1988). நூறு பக்கம்கூட வராது. கோபம் ஜாஸ்தி என்று 'நியூயார்க்கர்' போட மறுத்துவிட்டது.

முதல் பகுதி முழுக்க 'நீங்கள்'. நீங்கள் ஒரு சுற்றுலாப் பயணி, வந்து இறங்குகிறீர்கள். விமான நிலையத்துக்கு அந்நாட்டுப் பிரதமர் பேரே வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வைக்காமல் ஏன் இதற்கு என்று உங்களுக்குத் தோன்றாது, ஏனென்றால் அவற்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. வெயில் பளீரென்று அடிக்கிறது, நல்லவேளை மழை இல்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள். இது வறட்சியில் கிடக்கும் ஊர், ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் எண்ணிச் செலவழிக்கிறார்கள் என்பது தெரியாது. டாக்ஸி புத்தம்புது ஜப்பான் கார், ஆனால் ஒரு மாதிரி கரகரக்கிறது. காரணம், ஈயம் கலக்காத பெட்ரோலில் ஓடவேண்டிய வண்டிக்கு ஈயம் கலந்ததை ஊற்றியிருக்கிறார்கள். வழியில் பெரிய பெரிய பங்களாக்கள். யாருடையவை, எந்தக் காசில் கட்டியவை என்று கின்கெய்ட் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஹோட்டலில் சாப்பிடும் 'உள்ளூர்' சாப்பாடு பெரும்பாலும் விமானத்தில் வந்தது. குளிக்கப் போகிற அழகான கடலில்தான் உங்கள் பாத்ரூம் தண்ணீரும் கலக்கிறது.

இதெல்லாம் வெறும் தகவல்தான். ஆனால் படிக்கும்போது சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கிறது. முதல் பார்வை என்பதே எதையெல்லாம் பார்க்கத் தெரியவில்லை என்பதன் பட்டியல்தான் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு புத்தகத்தை நான் படித்ததில்லை.

ஏன் இத்தனை கோபம்? ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஜேம்ஸ் அந்தோணி ஃப்ரூட் என்ற ஆங்கிலேய சரித்திர ஆசிரியர் 1887-ல் இந்தப் பக்கத் தீவுகளைக் கப்பலில் சுற்றினார். கவர்னர்கள், பெரிய மனிதர்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். திரும்பிப் போய், கறுப்பர்களுக்குத் தன்னாட்சி சரிப்படாது, இந்தியாவை ஆள்வது போலத்தான் ஆளவேண்டும் என்று 1888-ல் ஒரு தடிப் புத்தகம் எழுதினார். மறு வருஷமே டிரினிடாடைச் சேர்ந்த ஜே.ஜே.தாமஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் வரிக்கு வரி பதில் எழுதினார். 'ஃப்ரூடாசிட்டி' என்று தலைப்பிலேயே குறும்பு. புத்தகம் வந்த அதே 1889-ல் மனுஷர் லண்டனில் இறந்துபோனார்.

கதை அதோடு முடியவில்லை. டிரினிடாடிலேயே பிறந்த நைபால், 1960-ல் அந்த அரசாங்கத்தின் செலவிலேயே சுற்றிப்பார்த்துவிட்டு எழுதிய 'தி மிடில் பாசேஜ்' (1962) புத்தகத்தின் முகப்பில் யாருடைய மேற்கோளைப் போட்டார் தெரியுமா? ஃப்ரூடுடையதை! நைபாலின் உரைநடைக்கு நான் அடிமை. இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது நெருடத்தான் செய்கிறது.

ஃப்ரூட் புத்தகத்தில் தீவுவாசிகள் காட்சிப்பொருள்கள். கின்கெய்ட் அதைத் தலைகீழாக்குகிறார். அவருடைய 'நீங்கள்' புத்தகத்தில் அதிகம் வாய் திறப்பதில்லை. டாக்ஸியை விட்டு இறங்கி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தின்கிறது, குளிக்கிறது, வெயிலில் படுக்கிறது. அவ்வளவுதான்.

எனக்குக் குறையாகப் படுவதும் இதுவேதான். தனியாகப் போகிறவர் எல்லாரும் இப்படி இல்லை. பஸ் மாறி ஏறி, வழி தப்பி, ஒரு பெட்டிக்கடைக்காரம்மாவிடம் வழி கேட்டு, அப்படியே குடும்பக் கதை கேட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது. பின்பாதியில் கோபம் சொந்த ஊர்க்காரர்கள் மேலேயே திரும்பி, அவர்களைக் குழந்தைகள் மாதிரி பேசுவதும் உறுத்துகிறது. 20 வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவர் எந்த டாக்ஸியில் போனார் என்ற கேள்வியை அவரிடமும் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு இடத்தில் வாயடைத்துப் போகிறோம். உங்களை ஏன் உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிப்பதில்லை என்று விளக்குகிறார். அவர்களுக்கும் தினசரி வாழ்க்கை அலுக்கத்தான் செய்கிறது, அவர்களும் நாலு நாள் எங்காவது போக ஆசைப்படுகிறார்கள். டிக்கெட்டுக்குத்தான் காசில்லை. அவர்களுடைய அலுப்பு, உங்களுக்கு விடுமுறை. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது 'நீங்கள்' வெள்ளைக்காரராக மட்டும் இல்லை. தவணை முறையில் பாலி, மாலத்தீவு போகிற நாமும்தான்.

புத்தகத்தின் மனசு இருக்கிற இடம் நூலகம். 1974 பூகம்பத்தில் சேதமான பொது நூலகக் கட்டடத்தில் 'பழுதுபார்க்க வேண்டியுள்ளது' என்ற அர்த்தத்தில் ஒரு போர்டு. வருஷக்கணக்காக போர்டு மட்டும் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. சின்ன வயதில் தான் உட்கார்ந்து படித்த அந்த இடத்தைப் பற்றி எழுதும்போதுதான் அவருக்குக் குரல் தழுதழுக்கிறது. புது நூலகம் 2014-ல்தான் திறந்தார்கள், 40 வருஷம் கழித்து. விமான நிலையத்துக்கு மறு வருஷமே பளபளவென்று புது டெர்மினல் வந்துவிட்டது. பேர் அதே பிரதமர் பேர்தான்.

வாங்குகிறவர்கள் முதல் பகுதியோடு கீழே வைத்துவிடாமல், அந்த நூலகம் வரைக்குமாவது போங்கள்.