கடைசி ரீலிலும் ஜெயிக்கும் வில்லன்

நம் சினிமாவில் வில்லனுக்கும் பார்வையாளருக்கும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. இரண்டரை மணி நேரம் அவன் என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். கடைசி ரீலில் அடி வாங்கிவிட வேண்டும். பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பை அவ்வளவு ஆசையாகக் கேட்டோம் என்றால், அது எப்படியும் அடங்கிவிடும் என்ற தைரியம்தான். 2023 நவம்பரில் தென்கொரியாவில் வெளியான ‘12.12: த டே’ படத்திலும் வில்லன் சிரிக்கிறான். படம் முடியப் போகிற நேரத்தில், கழிப்பறையில், தனியாக நின்று, மூச்சு முட்டச் சிரிக்கிறான். அவனை அடக்க யாரும் வருவதில்லை. நிஜத்திலும் அன்றைக்கு யாரும் வரவில்லை.

படத்தில் அவன் பெயர் சுன் டூ-குவாங். கடைசி அசையை மாற்றினால் சுன் டூ-ஹ்வான். 1980 செப்டம்பர் முதல் 1988 பிப்ரவரி வரை தென்கொரியாவை ஆண்ட ராணுவத் தளபதி. பெயர் மாற்றம் யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியும் திரையில் வந்தவுடன் கொரியப் பார்வையாளருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஐந்து கோடிச் சொச்சம் பேர் உள்ள நாட்டில் சுமார் 1 கோடியே 30 லட்சம் டிக்கெட் விற்ற படம் இது. பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள், படத்தின்போது தங்கள் நாடித் துடிப்பு எவ்வளவு ஏறியது என்று கைக்கடிகாரத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். முடிவு ஊருக்கே தெரிந்த கதைக்கு இவ்வளவு படபடப்பு எங்கிருந்து வந்தது? அதைப் பிடித்துவிட்டால் இந்தப் படத்தை மட்டுமல்ல, நிஜ சர்வாதிகாரி வில்லனாக வரும் எந்தப் படத்தையும் ரசிக்க ஒரு பிடி கிடைத்துவிடும்.

முதலில், தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் சரித்திரம். 18 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த பார்க் சுங்-ஹீயை 1979 அக்டோபர் 26 இரவு, விருந்து மேசையில், அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். ராணுவச் சட்டம் வந்தது. கொலையை விசாரிக்கும் பொறுப்பு ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவரான சுன்னிடம் போனது. உளவுத்துறையே குற்றவாளிக் கூண்டில் நின்றதால், நாட்டின் ரகசியங்கள் எல்லாம் ஒரே மேசைக்கு வரத் தொடங்கின. அவரைத் தொலைதூரப் பதவிக்கு மாற்றிவிடலாமா என்று மேலிடம் யோசிக்கத் தொடங்கியதும் அவர் முந்திக்கொண்டார். டிசம்பர் 12 மாலை, கொலை நடந்த இரவில் தரைப்படைத் தலைமைத் தளபதி பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தார் என்ற சாக்கில், அவரைக் கைது செய்ய ஆள் அனுப்பினார். அதற்கு நாட்டின் அதிபர் கையெழுத்திட வேண்டும். அது கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே செய்தார். மறுநாள் விடியற்காலைக்குள் தலைநகரம் அவர் கையில்.

இவ்வளவு போதும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கொரியப் பெயர்கள் நமக்கு எப்படியும் குழம்பத்தான் செய்யும். எல்லோரும் ஒரே நிறச் சீருடை வேறு. அதற்குப் பதில் நட்சத்திரங்களை எண்ணுங்கள். சுன் இரண்டு நட்சத்திர ஜெனரல். அவன் கூட்டிவைத்திருக்கும் அறையில் மூன்று நட்சத்திரக்காரர்களும் இருக்கிறார்கள். மூத்தவர்கள் வியர்த்து வழிந்தபடி, இரண்டு நட்சத்திரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்ற முகத்தோடு எழுந்தால், அவன் கெஞ்சுகிறான், அதட்டுகிறான், பதவி ஆசை காட்டுகிறான். ராணுவ வரிசை தலைகீழாகப் புரண்டுவிட்டதை வசனம் சொல்வதற்கு முன்பே தோள்பட்டைகள் சொல்லிவிடும். அந்த அறையில் அவர்களைக் கட்டியிருந்தது ‘ஹானாஹ்வே’ என்ற ரகசியச் சங்கம். ராணுவக் கல்லூரித் தோழர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொள்ள ஆரம்பித்தது. நாளடைவில் ராணுவத்துக்குள் இன்னொரு ராணுவமாகிவிட்டது.

அடுத்து, துப்பாக்கியை விட்டுவிட்டுத் தொலைபேசியைப் பாருங்கள். படத்தின் உண்மையான ஆயுதம் அதுதான். சண்டைக் காட்சிகள் ஒப்பீட்டளவில் குறைவு. மனிதர்கள் ரிசீவரைப் பிடித்துக் கத்தும் காட்சிகளே அதிகம். சுன்னின் பிரிவு ராணுவத் தொலைபேசி இணைப்புகளை ஒட்டுக்கேட்டது. தலைநகரப் பாதுகாப்புத் தளபதி ஒரு படைப்பிரிவைக் கூப்பிடுகிறார். அவர் ரிசீவரை வைத்த மறுநிமிடம் அதே படைப்பிரிவுக்கு எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பழைய நண்பனின் அழைப்பு போகிறது. வண்டி கிளம்புவதில்லை. இது சினிமாக் கற்பனை இல்லை, அன்றிரவு நடந்ததுதான். அழைப்பை எடுக்கும் ஒவ்வொரு அதிகாரியின் முகத்திலும், பதில் சொல்வதற்கு முன் ஒரு விநாடி தயக்கம் வரும். இயக்குநர் கிம் சுங்-சூ அந்த ஒரு விநாடியில்தான் படம் எடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கணக்குப் போடும் முகங்கள் அவை.

இந்தத் தயக்கங்களில் உச்சம், இரு தரப்பும் படைகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ராணுவத் தலைமையகம் ஒத்துக்கொள்ளும் இடம். அரசைக் காப்பாற்ற சியோலை நோக்கி வந்துகொண்டிருந்த பாராசூட் படைப்பிரிவு அந்தப் பேச்சை நம்பித் திரும்பிப் போகிறது. கலகக்காரர்களின் படை மட்டும் உள்ளே வந்துவிடுகிறது. கனவான்கள் ஒப்பந்தம் என்று கொரிய சரித்திரத்தில் இதற்குப் பெயர். எத்தனையாவது முறை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குத் திரைக்குள் கையை விட்டு அந்த லாரிகளை மறிக்கலாம்போல இருக்கும். நாடித் துடிப்பு ஏறுவது இதனால்தான். அடுத்து என்ன நடக்கும் என்ற சஸ்பென்ஸ் இங்கே கிடையாது. தடுத்திருக்கலாமே, இதோ இப்போது தடுத்திருக்கலாமே என்ற தவிப்புதான் இருக்கிறது. அந்த இடங்களை எண்ணிக்கொண்டே பாருங்கள். ஒரு கை விரல் போதாது.

அப்புறம் அந்தக் கையெழுத்து. அதிபர் சோய் கியு-ஹா, கைது ஆணையில் கையெழுத்திட முடியாது, பாதுகாப்பு அமைச்சர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். பாதுகாப்பு அமைச்சரோ துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் குடும்பத்தோடு வீட்டைவிட்டு ஓடிவிட்டார்; அமெரிக்கப் படைத் தலைமையகத்தில் அடைக்கலம். ஊரையே பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் ஒரு தாளுக்காகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. எல்லாம் துப்பாக்கி முனையில் நடந்துகொண்டிருக்கும்போது எதற்கு இந்தத் தாள் என்று தோன்றும். தோன்றட்டும். சட்டத்தை உடைக்கிறவனுக்குத்தான் சட்டத்தின் முத்திரை அதிகம் தேவைப்படுகிறது. விடியற்காலை 5 மணி கடந்து கடைசியில் சோய் கையெழுத்திட்டார். பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் எழுதினார். கைது முதலில் நடந்தது, ஒப்புதல் பிறகுதான் வந்தது என்பதற்கு அந்த நேரக்குறிப்பே சாட்சி. பலவீனமான மனிதர் விட்டுச்சென்ற சின்ன முள். படத்தில் அந்தக் காட்சி சட்டென்று போய்விடும், தவறவிடாதீர்கள்.

இப்போது வில்லனுக்கு வருவோம். திரையில் சுன் டூ-ஹ்வானுக்கு ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. அவர் ஆண்ட காலத்தில், அவருடைய ஜாடையில் இருந்த பாவத்துக்காக பார்க் யோங்-சிக் என்ற நடிகர் தொலைக்காட்சியில் தோன்ற முடியாமல் போனது. ஆட்சி போன பிறகு அதே நடிகர் அரசியல் தொடர்களில் சுன்னாகவே நடித்தார். 2005-இல் எம்.பி.சி. தொலைக்காட்சியின் ‘ஐந்தாவது குடியரசு’ தொடரில் லீ டோக்-ஹ்வா அந்த வேடத்தைப் போட்டபோது வேறொரு வம்பு வந்தது. நடிப்பில் இருந்த மிடுக்கில் மயங்கி வில்லனுக்கே ரசிகர் கூட்டம் சேர்ந்தது; கொலைகாரனை அழகுபடுத்துகிறார்கள் என்று கண்டனமும் எழுந்தது. சர்வாதிகாரியை நடிக்கும் எந்த நல்ல நடிகனுக்கும் இந்தக் கத்தி தலைமேல் தொங்கும். நன்றாக நடித்தால் கவர்ச்சி வந்துவிடும். மோசமாக நடித்தால் கேலிச்சித்திரமாகிவிடும்.

ஹ்வாங் ஜுங்-மின் இதை எப்படிக் கடக்கிறார் என்று கவனிப்பதுதான் படத்தின் தனிச் சுவை. அவர் மிடுக்கைத் தொடவே இல்லை. மணிக்கணக்கில் ஒப்பனை போட்டு வழுக்கைத் தலையோடு வரும் அந்த மனிதன் ஓயாமல் நகர்கிறான், தோளில் கை போடுகிறான், காதோரம் குசுகுசுக்கிறான், திடீரென்று வெடிக்கிறான். ஒரு தரகனின் உடல்மொழி அது. அவனுக்குக் கொள்கை இல்லை. பெரிய வீரமும் இல்லை. மற்றவர்களுக்கு என்ன பயம், என்ன ஆசை என்று மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. அவனுக்குப் பக்கத்தில் எப்போதும் அரை அடி தள்ளியே நிற்கும் நண்பனையும் பாருங்கள். படத்தில் நோ டே-கன். நிஜத்தில் ரோ டே-வூ, பின்னாளில் சுன்னுக்கு அடுத்த அதிபர். வட கொரியாவை நோக்கிக் காவல் நிற்க வேண்டிய தன் படையின் ஒரு பகுதியைத் தலைநகருக்குத் திருப்பிவிட்டவர். எல்லையைத் திறந்துபோட்டுவிட்டு வருகிறோமே என்ற கலக்கம் அந்த முகத்தில் லேசாக வந்து மறையும்.

ஹ்வாங்கின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அவன் பயப்படும் தருணங்கள். தோற்கப்போகிறோம் என்று அறையே உறையும்போது அவனும் உறைகிறான், அரை நொடி. பிறகு மற்றவர்களைவிட முன்னதாகச் சுதாரித்துக்கொள்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சாமர்த்தியம் நாட்டில் எத்தனையோ பேருக்கு இருக்கும்; அன்றிரவு எதிரே இருந்தவர்கள் அசந்துபோனார்கள்.

நாயகன் விஷயத்தில்தான் எனக்குக் குறை. ஜுங் வூ-சங் நடித்த லீ டே-ஷின், தலைநகரப் பாதுகாப்புத் தளபதி ஜாங் டே-வானை ஒட்டி எழுதப்பட்ட பாத்திரம். வூ-சங் அழகன், படம் அந்த அழகைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறது. கடைசியில் முள்வேலித் தடுப்புகளைத் தாண்டி வில்லனை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சி கம்பீரமானது, கண்ணீர் வரவழைப்பது, நடக்காதது. நிஜ ஜாங் தன் தலைமையகத்திலேயே கைதானார். அவருடைய தந்தை மனமுடைந்து சாப்பாட்டைத் துறந்து 1980-இல் இறந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் 1982-இல் பிணமாகக் கிடைத்தான். முள்வேலிக் காட்சியைவிட இது கனமானது. ஆனால் ஒன்பது மணி நேரத்துக் கதைக்குள் அடங்காது. ரசிகனாகப் பார்க்கும்போது அந்தக் கற்பனைக் காட்சியை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு சின்னப் பாத்திரம்: சிறப்புப் படைத் தளபதியைக் கைது செய்ய அவருடைய ஆட்களே வரும்போது, உடன் நிற்கும் ஒரே உதவியாளர். சில நிமிடங்களே வருகிறார். நிஜத்தில் அவர் மேஜர் கிம் ஓ-ராங். அந்த அறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் கற்பனைக்கு வேலை இருக்கவில்லை.

இயக்குநர் கிம் சுங்-சூ அப்போது பள்ளி இறுதியாண்டு மாணவர். தரைப்படைத் தலைமைத் தளபதியின் இல்லம் இருந்த ஹன்னம்-டாங் பகுதியில்தான் அவர் வீடு. அன்றிரவு துப்பாக்கிச் சத்தத்தைக் காதால் கேட்டவர். இதே இரண்டு நடிகர்களையும் வைத்து 2016-இல் ‘அசுரா’ எடுத்தார். அதிலும் ஹ்வாங்தான் வில்லன், ஒரு ஊழல் மேயர். அதையும் பார்த்தால், நிஜ மனிதன் என்ற கயிறு இல்லாதபோது ஹ்வாங் எவ்வளவு தூரம் ஆடுவார் என்பது புரியும்.

வெற்றி விருந்து முடிந்து, கலகக்காரர்கள் வரிசையாக நின்று குழுப்படம் எடுத்துக்கொள்வதோடு படம் முடிகிறது. நடிகர்களின் முகங்கள் மறைந்து 1979 டிசம்பரில் எடுக்கப்பட்ட உண்மையான புகைப்படம் தெரிகிறது. அவர்கள் பிறகு எந்தெந்தப் பதவிக்குப் போனார்கள் என்பதும். இந்த இடத்தில் எழுந்து போகாதீர்கள்.

படத்தில் இல்லாதது குவாங்ஜு. ஐந்தே மாதம் கழித்து, 1980 மே மாதத்தில், ராணுவம் பொதுமக்களைச் சுட்டுத் தள்ளிய நகரம். அது தெரியாமல் பார்த்தால் இது ஒரு விறுவிறுப்பான ராணுவச் சதுரங்கமாக மட்டும் நின்றுவிடும் அபாயம் உண்டு. கொரியப் பார்வையாளருக்கு அந்த நினைவு தானாகவே வரும், நாம்தான் தேடிப் போக வேண்டும். 2017-இல் வந்த ‘எ டாக்ஸி டிரைவர்’ அதற்கு உதவும். சுன் 1996-இல் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1997 டிசம்பரில் மன்னிப்போடு வெளியே வந்தார். 2003-இல், அபராதம் கட்டச் சொன்ன நீதிமன்றத்திடம் தன் கையிருப்பு 2 லட்சத்து 91 ஆயிரம் வொன் என்றார். சியோலில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்குக் காணாத தொகை. குவாங்ஜுவுக்காக மன்னிப்புக் கேட்காமலே 2021-இல், 90 வயதில் இறந்தார். கழிப்பறைச் சிரிப்பை இரண்டாம் முறை பார்க்கும்போது இவையெல்லாம் சேர்ந்து கேட்கும்.

பார்த்து முடித்ததும் ஒரு துணைப் படம் சிபாரிசு செய்கிறேன். சினிமா அல்ல, செய்திக் காணொளி. 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக்-யோல் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்தை நோக்கிச் சிப்பாய்கள் போனார்கள். கொரியர்கள் பலர் உடனே இந்தப் படத்தைத்தான் நினைத்தார்கள். அதே தொலைபேசிகள், அதே சீருடை, அதே தயக்கம். இந்த முறை தயங்கியவர்கள் சிப்பாய்கள். 67 வயது சபாநாயகர் வூ வோன்-ஷிக் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். சிப்பாய்கள் கட்டடத்துக்குள் வந்துவிட்ட நேரத்திலும், ராணுவச் சட்டத்தை நீக்கக் கோரும் தீர்மானத்தை விதிமுறைப்படிதான் கொண்டுவர வேண்டும் என்று உறுப்பினர்களைக் காத்திருக்க வைத்தார். சபையில் கோபக் குரல்கள் எழுந்தன. பிறகு வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 190, எதிர்ப்பு ஒன்றும் இல்லை.