ஊழும் நரம்பிசையும்: 'மக்தூப்' எழுப்பிய ஒரு வாதம்

இசைக்கு மொழி இல்லை என்பர். மேடைதோறும் நாம் கேட்டுப் பழகிய கூற்று இது. ஆயினும் ஓர் இசையைக் கேட்டு ஒருவர் கண் கலங்கி நிற்க, அருகில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ளும்போது, இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்னும் ஐயம் எழாமல் இல்லை. நம் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களிலும் இத்தகைய ஐயம் எழுந்ததுண்டு. அதனை எழுப்பியது தொலைதூரத்து இசையன்று; நம் கொச்சியிலேயே பிறந்த ஓர் இசைத்தொகுப்பு. அதனை முன்வைத்து, இசையின் உணர்ச்சியாற்றல் எங்கே தங்குகிறது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுப்பும் வாதமும்

கொச்சியில் 1996இல் தோன்றிய 'மதர்ஜேன்' என்னும் ராக் இசைக்குழு, தன் இரண்டாம் தொகுப்பாகிய 'மக்தூப்' என்பதனை 2008இல் வெளியிட்டது. அதில் பாடியவர் சூரஜ் மணி. முதன்மைக் கிட்டாரை இசைத்தவர் பைஜு தர்மஜன். பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. பல்லவி, சரணம் என்று மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் பாட்டின் வரம்பைக் கடந்து, தாளமும் நடையும் இடையிடையே மாற, நீண்டு விரியும் இசையைப் 'ப்ராக்ரெஸிவ்' என்னும் அடைமொழியால் குறிப்பர். அதனோடு உறுமும் மின்கிட்டாரும் இடியென முழங்கும் டிரம்ஸும் மிகுமானால் அது 'ப்ராக்ரெஸிவ் மெட்டல்' எனப்படும். மதர்ஜேன் அதன் அண்டை வீட்டில், கர்நாடக இசையின் சாயலோடு குடியிருப்பது.

'மக்தூப்' என்பது அரபுச்சொல். 'எழுதப்பட்டது' என்பது அதன் பொருள். தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொல்வதும், ஊழ் என்று நம் இலக்கியங்கள் சொல்வதும் இதனையே அன்றோ?

இத்தொகுப்பைப் பற்றிய வாதத்தில் மூன்று கட்சிகள் உண்டு. நெஞ்சை இவ்வளவு உருக்கிய இசை வேறில்லை என்பர் இளைஞருள் ஒரு சாரார். கைத்திறனைத்தான் காண்கிறோம், உணர்ச்சியைக் காணோம் என்பர் அதே வயதினருள் மற்றொரு சாரார். பொருள் விளங்காத ஆங்கிலமும் இரைச்சலும் நெஞ்சைத் தொடுமோ என்பர் மூத்தோர். முதன்முறை கேட்டபோது நாமும் மூத்தோர் கட்சியிலேயே நின்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலமுறை கேட்ட பின்னரே அக்கட்சியை விட்டு ஓரடி விலகினோம்.

சொல்லும் இரைச்சலும்

முதலில் மூத்தோர் கூற்றை எடுத்துக்கொள்வோம். சொல் விளங்காவிடில் உணர்ச்சி தோன்றாது என்பதனை வேறு எந்த ஊரில் சொன்னாலும் சொல்லலாம், மட்டாஞ்சேரியில் சொல்லலாகாது. கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் மலையாளமும் தமிழும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் இது. இங்கே கல்யாண வீடுகளிலும் மாடியறை மெஹ்ஃபில்களிலும் இந்துஸ்தானிப் பாட்டுக்கு உருகியவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் உருது கற்றவர் சிலரே. 1981இல் மறைந்த மெஹ்பூப், கொச்சி மக்களின் சொந்தப் பாடகராக இன்றும் நினைக்கப்படுகிறார். 2018இல் மறைந்த உம்பாயி, கஸலை மலையாளத்தில் பாடி வீடுதோறும் சேர்த்தார். ஆனால் அது மலையாளத்திற்கு வருவதற்கு முன்பே இவ்வூர் அதனை நேசித்தது என்பதே நாம் கருதத்தக்கது. காது முதலில் அழுதது; பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

இனி இரைச்சல் என்னும் குறைக்கு வருவோம். சாதாரணக் கிட்டாரில் நரம்பைத் தட்டினால் ஒலி விரைவில் தேய்ந்து மறைகிறது. மின்கிட்டாரிலோ, ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும்போது அதன் உச்சங்கள் அடங்கி, தேய வேண்டிய ஒலி தேயாமல் நீள்கிறது. நீளும் ஒலியிலேதான் கமகம் இடங்கொண்டு அசைய முடியும். பைஜு தர்மஜனின் விரல்கள் நரம்பின்மேல் வழுக்கியும் இழுத்தும் தரும் குழைவுகள் வீணையையும் நாகசுரத்தையும் நினைவூட்டுவதற்கு இதுவே அடிப்படை. எனவே நாம் இரைச்சல் என்று ஒதுக்குவது, நாம் விரும்பும் குழைவுக்கு மூச்சாக நிற்கிறது. நாகசுரத்தைச் சிற்றறைக்குள் வைத்து ஊதினால் நம் செவி தாங்குமோ? அது தேர்வீதிக்கு உரிய கருவி. இதுவும் திறந்த வெளிக்கு உரிய கருவியே.

நம் நினைவில் உள்ள வேறொன்றையும் இங்கே கூறலாம். மாண்டலின் யு. சீனிவாஸ் 1980களின் தொடக்கத்தில் மின்னிணைப்புக் கொண்ட மாண்டலினோடு சபாக்களில் ஏறியபோது, இது கச்சேரிக்கு உரிய கருவியோ என்று கேட்டவர்கள் உண்டு. 2014இல் அவர் மறைந்தபோது அக்கேள்வி எவர் நாவிலும் இல்லை.

திறனும் உணர்ச்சியும்

இரண்டாம் கட்சியின் கூற்று இன்னும் கூர்மையானது. திறன் மிகுந்தால் உணர்ச்சி குறையும் என்பது அவர்கள் துணிபு. இவ்வாதம் கொச்சிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் 'ட்ரீம் தியேட்டர்' குழு 1999இல் வெளியிட்ட 'ஸீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' என்னும் ப்ராக்ரெஸிவ் மெட்டல் தொகுப்பைப் பற்றியும் இதே வாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அத்தொகுப்பு முழுவதும் ஒரே கதை. நிக்கலஸ் என்பவன் அறிதுயிலில் ஆழ்ந்து, 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்னும் பெண்ணே முற்பிறப்பில் தான் என்று அறிகிறான். மணிபல்லவத்தில் பழம்பிறப்பு உணர்ந்த மணிமேகலையை அறிந்த நமக்கு இக்கதை அயலானதன்று.

அத்தொகுப்பில் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்று பாட்டில்லாத ஓர் இசைப்பகுதி உண்டு. ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை தாளம் மாறுவதாகக் கணக்கிட்டுக் கூறுவர். உணர்ச்சி இல்லை என்போர் சுட்டிக்காட்டுவது இதனையே. கண்ணீர் வந்தது என்போர் சுட்டிக்காட்டுவது, அதன்பின் சிறிது இடைவெளியில் வரும் 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்' என்னும் எளிய பாட்டை. இருசாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்வெளிய பாட்டைத் தனியே எடுத்துக் கேட்டால் அது இனிய பாட்டு, அவ்வளவே. தாளங்கள் புரட்டிப் போட்ட பின்னர்க் கேட்கும்போதுதான் அது கரையாகிறது. நம் கச்சேரிகளில் இராகம் தானம் பல்லவியும் தனியாவர்த்தனமும் முடிந்தபின் வரும் துக்கடா ஏன் அவ்வளவு தித்திக்கிறது? முன் நிகழ்ந்த உழைப்பின் களைப்பு நம் உடம்பில் இருப்பதனால் அன்றோ? ஆதலின் திறனும் உணர்ச்சியும் பகைவர் அல்லர். ஒன்று வழி, மற்றொன்று ஊர். வழியையே ஊரென்று கருதும் கலைஞனிடத்தில்தான் குறை.

எண்வகை மெய்ப்பாடு

வாதம் தீராமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. உணர்ச்சி என்னும் சொல்லை எல்லாரும் ஆளுகின்றனர். அதனால் கண்ணீர் ஒன்றையே குறிக்கின்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்றும் பிறக்கும். இவ்விசையைக் கேட்டு வாய் திறந்து நிற்கும் இளைஞன் உணர்ச்சியற்று நிற்கவில்லை, மருட்கையில் நிற்கிறான். அவனைப் பார்த்து, 'உன் கண்ணில் நீர் இல்லையே' என்பது நேர்மையாகாது.

'மக்தூப்' கேட்டு அழுதோம் என்பவர்களையும் ஐயுற வேண்டியதில்லை. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இவற்றுள் அசைவு என்பதற்கு, முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையை அடைதல் என்னும் பொருள்பட உரை கூறுவர். இறந்தாரை எண்ணி அழுவது இழவு. இருந்த இடம் மாறியதை எண்ணி அழுவது அசைவு. இவ்விசையின் உணர்ச்சிக்களன் அசைவே என்பது நம் கருத்து. கமகம் என்பது ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்த குரல். அது இங்கே தன் வீட்டை விட்டு வெளியேறி, அயல்நாட்டுக் கருவியில் ஏறி, ஆங்கிலச் சொற்களுக்கு இடையே குடியமர்ந்திருக்கிறது. தன் பழைய வளைவு நெளிவுகளை அது மறக்கவில்லை. ஆயினும் திரும்பிச் செல்லவும் இயலவில்லை.

இந்நிலையை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகக் கூறப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் வேளித் தோபிகானாவில் இன்றும் தமிழ் பேசுகின்றன. வணிகத்துக்கும் வேலைக்கும் வந்த நாம் அவர்களுக்குப் பின் வந்தவர்கள். நம் பிள்ளைகள் மலையாளத்தில் விளையாடி, ஆங்கிலத்தில் பயின்று, வீட்டில் இருமொழியும் கலந்த தமிழில் சோறு கேட்கின்றனர். தாலாட்டின் குழைவு அவர்கள் காதில் இருக்கிறது, சொற்கள் வேறாகிவிட்டன. வீடு மாறிய கமகம் ஒன்றைக் கேட்கும்போது, காரணம் சொல்லத் தெரியாமலே அவர்கள் நெஞ்சு அசைகிறது. அதனை நடிப்பென்று நாம் கூறுதல் தகுமோ?

குறைகள் சில

இவ்வளவு கூறியதனால் தொகுப்பில் குறையே இல்லை என்பது கருத்தன்று. ஊழ் என்னும் பெரும்பொருளைத் தலைப்பில் ஏற்றிய குழுவினர், சொல்லளவில் அதன் எடையை முழுதும் தாங்கவில்லை. பாடல் வரிகள் தேடல், விடுதலை, விதி என்னும் பொதுமைகளை நோக்கி எளிதில் பறந்துவிடுகின்றன. ஊழைப் பற்றிப் பேசுதல் எளிது. அது ஒற்றைச் சிலம்பின் வடிவில் மதுரைக் கடைத்தெருவுக்கு வருவதைக் காட்டுதலே அரிது. மேலும், கிட்டாரின் குழைவு எதிர்பார்த்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வரும்போது, உயிராக நின்றது அணியாக மாறிவிடுகிறது. 'சேஸிங் த சன்' போன்ற பாட்டில் குரலும் நரம்பும் ஒன்றையொன்று துரத்தும்போது கிடைக்கும் நிறைவு தொகுப்பு முழுவதிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பைஜு தர்மஜன் 2010இல் குழுவிலிருந்து விலகினார். அக்கூட்டு நீடித்திருந்தால் இக்குறைகள் அடுத்த தொகுப்பில் நீங்கியிருக்குமோ என்று எண்ணி ஏங்குவோர் பலர்.

கானல்வரி தரும் எச்சரிக்கை

நரம்பிசையின் உணர்ச்சி பற்றிய வாதம் தமிழுக்குப் புதிதன்று. இந்திரவிழா முடிந்த பின், புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் ஒரே யாழை மாறி மாறிக் கையில் ஏந்திப் பாடினர். அவன் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக அவள் எண்ணினாள். அவள் பாட்டில் வேறொருவன்மேல் கருத்து இருப்பதாக அவன் எண்ணினான். இருவர் பாட்டிலும் உணர்ச்சியாற்றல் குறைவின்றி இருந்தது. கேட்டவர்தாம் பிழைபடக் கேட்டனர். அந்த யாழிசையையே சாக்காகக் கொண்டு ஊழ் உள்ளே புகுந்தது என்று சேரநாட்டு இளங்கோவடிகள் உரைக்கிறார். பிரிந்து சென்ற கோவலன் மாதவியிடம் மீளவே இல்லை.

நம் இல்லங்களிலும் இது நிகழக் கூடியதே. மகன் துயரமாகக் கேட்பதைத் தந்தை சினமாகக் கேட்கிறார். தந்தை உருகும் தோடியை மகள் தூக்கமாகக் கேட்கிறாள். பாட்டைப் பற்றிய தீர்ப்பு, பாட்டைக் கேட்பவரைப் பற்றிய தீர்ப்பாக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. 'இதைக் கேட்டா அழுகிறாய்?' என்னும் கேள்விக்குப் பின், அப்பிள்ளை தான் எதற்கு அழுதான் என்பதை அவ்வீட்டில் மீண்டும் சொல்லமாட்டான்.

ஆதலின் நம் சங்கத்துப் பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. அறைக்குள்ளிருந்து அவ்வொலி கேட்கும்போது, குறைக்கச் சொல்லிக் கதவைத் தட்டுமுன், அது எந்தப் பாட்டு என்று கேட்போமாக. முடியும்வரை உடனிருந்து கேட்போமாக. பிடிக்கவில்லை எனில் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அதன்பின் நமக்கு உண்டு. நம் பிள்ளைகளும் அவ்வாறே ஒரு மாலை நம் அருகில் அமர்ந்து, நாகசுரத் தோடி ஒன்றை முடியும்வரை கேட்பார்களாக. வாதம் அதன்பின் நடக்கட்டும்.